லிஃப்டில் மாட்டிய கொலைகாரனும் ஒரு டிரம்பெட்டும்

கறுப்பு வெள்ளை க்ரைம் படம்னு சொன்னதும் மனசுல என்ன ஓடுது? மழையில் நனைஞ்ச ரோடு, தொப்பி போட்ட ஆசாமி, சிகரெட் புகை, பின்னாடி அழுகிற மாதிரி ஒரு சாக்ஸபோன். எனக்கும் அதேதான். ஆனா பழைய படங்களைத் திரும்ப உட்கார்ந்து பார்த்தப்போதான் புரிஞ்சது, அந்த சாக்ஸபோன் பெரும்பாலும் நாமளே பின்னாடி சேர்த்துக்கிட்டது! 'டபுள் இன்டெம்னிட்டி'க்கு (1944) இசை ஹங்கேரிக்காரர் மிக்லோஷ் ரோஜா. முழுக்க ஆர்கெஸ்ட்ராதான். அதே வருஷம் வந்த 'ஃபேன்டம் லேடி'யில் ஜாஸ் உண்டு. ஆனா ராத்திரி நாலு பேர் கூடி வெறியோட வாசிக்கிற காட்சியில் மட்டும். ஜாஸ்னா கெட்டுப்போன இடம், அவ்வளவுதான். பாத்திரத்தோட மனசுக்குள்ளே போக அதுக்கு இன்னும் அனுமதி கிடைக்கலை.

அந்தக் கதவை நல்லாவே திறந்தது ஒரு பிரெஞ்சுப் படம். 1958-ல் வந்த 'தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட்'. இயக்குநர் லூயி மாலுக்கு அப்போ 25 வயசு. முதலாளியைக் கொன்னுட்டு வெளியே வர்றவன் கயிறை மறந்துட்டோமேன்னு திரும்பிப் போறான். காவலாளி கரண்டை நிறுத்திட்டுப் போயிடறார். லிஃப்டுக்குள்ளே ஆள் காலி! வெளியே அவனோட காதலி (செத்த முதலாளியோட சம்சாரம்தான்) ராத்திரி பூரா பாரிஸ் தெருவில் அவனைத் தேடி நடக்கிறார். ழான் மோரோ. கேமராமேன் ஆன்ரி தெக்கே, கடை விளக்கு வெளிச்சத்தை வெச்சே அதைப் படம் பிடிச்சிருக்கார்.

அந்தச் சமயத்தில் பாரிஸ் கிளப்பில் வாசிக்க வந்திருந்தார் மைல்ஸ் டேவிஸ். 1957 டிசம்பர் 4 ராத்திரி, ஸ்டுடியோவில் படத்துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, திரையைப் பார்த்துக்கிட்டே அஞ்சு பேரும் வாசிச்சாங்க. கையில் இருந்தது சில கார்டுகள் மட்டும். மிச்சமெல்லாம் அந்த நிமிஷத்தில் வந்தது. (உதட்டுத் தோல் கொஞ்சம் பிய்ஞ்சு டிரம்பெட்டுக்குள்ளே போய், அதனாலதான் அந்த ஒலின்னு போரிஸ் வியான் எழுதியிருக்கார். நம்புறது உங்க இஷ்டம்.) 15 மாசம் கழிச்சு 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவுக்கு டேவிஸ் போனப்போ கார்டைக் குறைச்சு, இடம் விட்டு வாசிக்கிற அதே வழிதான்.

ஒன்றரை மணி நேரப் படத்தில் இசை சுமார் 18 நிமிஷம்தான். பயமுறுத்தாது, 'இப்ப பார்'னு தோளைத் தட்டாது. நான் ஒரு தடவை சவுண்டை நிறுத்திட்டு அந்த நடையைப் பார்த்தேன். கொலைக்கு உடந்தையா இருந்த ஒரு பொம்பளை, கால் வலிக்க நடக்கிறா. சவுண்டு வெச்சா? அவளுக்காக நாம தேட ஆரம்பிச்சுடறோம். நியாயமான்னு கேட்டா, இல்லைதான். எனக்கு இன்னிக்கும் அது கொஞ்சம் உறுத்துது.

அதுக்கப்புறம் 'டச் ஆஃப் ஈவில்' (1958) மான்சினி, 'அனாடமி ஆஃப் எ மர்டர்' (1959) டியூக் எலிங்டன்னு வரிசையா வந்தாச்சு. இரண்டாவதில் எலிங்டனே ஒரு காட்சியில் பியானோ முன்னாடி உட்கார்ந்திருப்பார். அதை இன்னொரு நாள் தனியா எழுதறேன்.