கருமருந்துத் துப்பாக்கியும் குறிசுடும் விளையாட்டும்: திருப்பாச்சூர் முதல் குடகு வரை

குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுடுவது நாட்டுத் துப்பாக்கி. பின்பக்கம் திறந்து தோட்டா செருகும் துப்பாக்கிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவும்வரை, உலகத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த வகைதான். சுடுவதைவிடக் கெட்டிப்பதிலேயே வேலை அதிகம். மருந்தை அளந்து குழலில் கொட்ட வேண்டும். எண்ணெயில் தோய்த்த துணித்துண்டின் மேல் ஈயக்குண்டை வைத்துக் குழல்வாயில் அழுத்தி, கெட்டிக்கும் கோலால் அது மருந்தின் மேல் போய் உட்காரும்வரை தள்ள வேண்டும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழலே வெடிக்கக்கூடும். அதற்காகப் பழகியவர்கள் கோலில் ஒரு கோடு கீறி வைத்திருப்பார்கள்; கோடு குழல்வாயோடு சேர்ந்தால் குண்டு சரியாக இறங்கிவிட்டது என்று பொருள். பிறகுதான் மருந்தைப் பற்றவைக்கும் கேப் பொருத்துவதும் குறி பார்ப்பதும். விசையை அழுத்தியதும் வெண்புகை முகத்தை மூடிக்கொள்ளும். குறி பட்டதா என்பது புகை கலைந்த பிறகே தெரியும். சில முறை சுட்டதும் குழலில் கரி ஏறி அடுத்த குண்டு இறங்க மறுக்கும், ஈரத்துணி விட்டுத் துடைத்தாக வேண்டும். இத்தனை பொறுமை கேட்கும் கருவி போர்க்களத்தில் சுமையாக இருந்தது. குறிசுடும் விளையாட்டில் அந்தப் பொறுமைதான் சுவை.

கருமருந்து என்பது ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய பங்கு உண்டு. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்த டச்சுக்காரர்கள், அங்கே கருமருந்து ஆலையும் நடத்தினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆசியக் கடல்களில் திரிந்த டச்சுக் கம்பெனியின் பீரங்கிகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் பழவேற்காட்டு மருந்து கப்பலேறிப் போனது. சோழமண்டலக் கரை என்றதும் துணி வணிகம்தான் நினைவுக்கு வருகிறது. அதே துறைமுகத்திலிருந்து மருந்தும் போனது என்பதையும் சேர்த்து நினைப்பதுதான் நியாயம்.

திருவள்ளூருக்கு மேற்கே திருத்தணி செல்லும் சாலையில் இருக்கும் திருப்பாச்சூர், வாசீஸ்வரர் கோயிலால் அறியப்படும் தேவாரத் தலம். பாசு என்றால் மூங்கில். ஊர்ப்பெயர் மூங்கில் காட்டிலிருந்து வந்தது. ஆங்கிலேயரின் ஏடுகளில் இது ‘திரிப்பாசூர்’. அந்த ஏடுகளில் கோயிலைவிடக் கோட்டைதான் அதிகம் பேசப்படுகிறது. ஹைதர் அலியோடு நடந்த இரண்டாம் மைசூர்ப் போரில், 1781 ஆகஸ்டில் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தார். சில நாளில், ஆகஸ்ட் 27 அன்று, பொள்ளிலூரில் இரு படைகளும் மோதின.

கூட்டின் சிப்பாய்கள் தோளில் சுமந்தது ‘பிரவுன் பெஸ்’ என்ற மஸ்கட் துப்பாக்கி. உட்புறம் வழவழப்பான குழல், முக்கால் அங்குலத் துளை, குண்டோ துளையைவிடச் சற்றுச் சிறியது. நன்கு பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை கெட்டித்துச் சுடலாம். ஆனால் 100 கெஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள். தனி ஒருவரின் குறிக்கு அந்தப் போர்முறையில் பெரிய மதிப்பு இல்லை.

குறிக்கு மதிப்பைத் தந்தது ரைபிள். குழலின் உட்புறம் திருகு வரிகள் வெட்டப்பட்டிருப்பதால் குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும். ஆனால் குண்டு வரிகளைப் பற்றும்படி இறுக்கமாக இருக்க வேண்டும். அதைக் கெட்டிக்க நேரம் பிடிக்கும். பிரெஞ்சு அதிகாரி மினியே 1840களின் இறுதியில் இந்தச் சிக்கலை அவிழ்த்தார். அவருடைய குண்டு எளிதாக உள்ளே இறங்கும்; மருந்து வெடித்ததும் குழிந்த அடிப்பகுதி விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு ரைபிள் இந்த வழியில் வந்ததுதான். கொழுப்புத் தடவிய அதன் தோட்டாக் காகிதம் 1857இல் வடநாட்டில் மூட்டிய தீயை எல்லோரும் அறிவார்கள். குறிசுடும் போட்டியை வளர்த்ததும் இதே தலைமுறைத் துப்பாக்கி என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்த விளையாட்டு வேர்விட வாய்ப்பே கிடைக்கவில்லை. துப்பாக்கி தெரியாத மக்கள் அல்லர் இவர்கள். பாளையக்காரர்களின் படைகளில் வேலோடும் வளரியோடும் திரித்துப்பாக்கியும் இருந்தது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்றும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்றும் தூக்கிலிடப்பட்ட பிறகு, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் 1 அன்று ஒரு பிரகடனம் வெளியிட்டார். அதன்படி தென்பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்பட்டன, மக்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வீட்டுச் சுவரில் தொங்கிய துப்பாக்கி போனதோடு, அதை எடுத்துப் பழகும் வழக்கமும் போயிற்று. இந்த இழப்பைக் கோட்டைகளின் இடிபாட்டுக்குச் சமமாகவே எண்ண வேண்டும்.

திருப்பாச்சூரில் ஆங்கிலக் கம்பெனியின் துப்பாக்கிகள் மட்டும் தங்கின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் படைப் பயிலுநர்கள் சில காலம் இங்கே வைக்கப்பட்டார்கள். பின்னர் ஓய்வுபெற்ற ஐரோப்பியச் சிப்பாய்கள் குடும்பத்தோடு குடியேறினார்கள். சென்னையில் 1857இல் மதராஸ் தொண்டர் படை அமைந்தது. அந்தக் காலத்தில் தொண்டர் படைகளைச் சுற்றித்தான் குறிசுடும் போட்டி வளர்ந்தது. இங்கிலாந்தில் 1859இல் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியதும் அதே அலையில்தான். மறு ஆண்டு ஜூலை 2 அன்று விம்பிள்டனில் விக்டோரியா அரசி, தாங்கியில் பொருத்தியிருந்த விட்வொர்த் ரைபிளின் கயிற்றை இழுத்துப் போட்டியைத் தொடங்கிவைத்தார். 400 கெஜத்தில் இருந்த குறியின் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. அந்த ரைபிளும் வாய்வழி கெட்டிப்பதுதான். குழலின் துளை மட்டும் அறுகோணம்.

இந்தியரைப் பொறுத்தவரை கதவு இன்னும் இறுக மூடியது. வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் என்று அது சொல்வது வழவழப்பான நீளக் குழல் துப்பாக்கியை. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைச் சொல்வது பயிர்ப் பாதுகாப்புக்கு. காட்டுப்பன்றி விரட்டும் கருவியாகவே சட்டம் அதைப் பார்த்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், நாட்டுத் துப்பாக்கியோடு பறவையும் முயலும் வேட்டையாடி வாழ்ந்த நரிக்குறவர்களின் தொழிலும் முடிந்தது.

வெளிநாடுகளில் இந்தத் துப்பாக்கி விளையாட்டாகவே திரும்பி வந்தது. அமெரிக்காவில் 1933இல் இதற்கென்று ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. 1971 முதல் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு உலகப் போட்டிகளை நடத்துகிறது. அதன் விதிப்படி 30 நிமிடத்தில் 13 குண்டு சுடலாம், சிறந்த 10 கணக்கில் சேரும். அதே அரை மணியில் பிரவுன் பெஸ் சிப்பாய் 90 முறை சுட்டிருக்க வேண்டும். திரித்துப்பாக்கிப் போட்டி ஒன்றுக்கு, 1543இல் போர்ச்சுகீசியர் துப்பாக்கியோடு வந்திறங்கிய ஜப்பானியத் தீவான தனெகாஷிமாவின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் குறிசுடுதல் ஊர் வழக்கமாகவே உயிரோடு இருக்கும் இடம், காவிரி பிறக்கும் குடகு. அங்கே வரலாறு எதிர்த்திசையில் போனது. குடகு 1834இல் கம்பெனி ஆட்சியில் சேர்ந்தது. 1857இல் குடகர்கள் ஆங்கிலேயரை எதிர்க்கவில்லை. 1861இல் ஆணையர் மார்க் கப்பன் அவர்களுக்கு ஆயுதக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளித்தார். ஆட்சியாளரின் வசதிக்காகப் பிறந்த சலுகைதான். ஆனால் அதன் நிழலில் ஒரு பண்பாடு பிழைத்துக்கொண்டது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவுக்கு இரண்டு வெடி, அறுவடைத் திருநாளான புத்தரியன்று முதல் கதிர் அறுக்கும்போது ஒரு வெடி. நாற்று நட்டு முடிந்த பின், செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போள்து திருநாள் வரும். கைல் என்றால் ஆயுதம். அன்று துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாகப் பூசையில் வைத்து, குழல்வாயில் ஒரு பூவைச் செருகுவார்கள். குடகர்கள் ‘தோக்குப்பூ’, அதாவது துப்பாக்கிப் பூ, என்று அழைக்கும் அது வேறொன்றுமில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்.

பூசையும் விருந்தும் முடிந்தபின் ஊர்த் திடலில் கூடுவார்கள். உயரமான மரத்தின் உச்சியில் தேங்காய் கட்டப்படும். அதைச் சுட்டு உடைப்பவர் வென்றவர். முன்பு கருமருந்துத் துப்பாக்கி பேசிய இடத்தில் இன்று பெரும்பாலும் தோட்டாத் துப்பாக்கிதான் பேசுகிறது. பெண்களும் சுடுகிறார்கள். 2019இல் மத்திய அரசு குடகர்களின் ஆயுத விலக்கை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அதை எதிர்த்து வந்த வழக்கில், 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது.