வேதமே இறுதி அதிகாரம் (சீர்திருத்தச் சபைக் கோட்பாடு)

விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் இறுதி அளவுகோல் வேதாகமமே. போப்பின் ஆணையும் திருச்சபைப் பொதுச்சங்கத் தீர்மானமும் அதற்குக் கீழ்ப்பட்டவை என்பது சீர்திருத்தச் சபைகளின் கோட்பாடு. இது மரபை அடியோடு தள்ளிவிடுவதாகக் கருதுவது சரியன்று. மரபை வேதத்தைக் கொண்டு சோதிக்கச் சொல்கிறது, அவ்வளவே. ஆதாரமாகப் பெரிதும் காட்டப்படும் பகுதி 2 தீமோத்தேயு 3:16.

1519இல் லைப்சிக் நகரில் கத்தோலிக்க இறையியலாளர் யோகான் எக்குடன் நடந்த வாதத்தில், பொதுச்சங்கங்களும் தவறக்கூடும் என்று ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் துணிந்து சொன்னார். 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் லூத்தரின் நூல்களை அடுக்கிவைத்து, எழுதியதைக் கைவிடுகிறாரா என்று கேட்டார்கள். ஒரு நாள் அவகாசம் பெற்ற அவர், வேதச் சான்றாலோ தெளிந்த நியாயத்தாலோ தவறென்று காட்டினாலன்றிப் பின்வாங்க முடியாது என மறுநாள் அறிவித்தார். பிறகு வார்ட்பூர்க் கோட்டையில் மறைந்திருந்தபடி புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தார்; 1522 செப்டம்பரில் அது வெளிவந்தது. கோட்பாட்டுக்கு உயிர் வந்தது அப்போதுதான். எளிய மக்களும் வேதத்தைத் தங்கள் மொழியில் வாசித்து, பிரசங்கத்தைச் சோதிக்க வழி பிறந்தது.

பொருள்கொள்வதில் பிளவும் விரைவிலேயே வந்தது. 1529இல் மார்பூர்க்கில் திருவிருந்து குறித்து சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்ளியோடு வாதிட்டபோது, அப்பத்தைத் தம் உடலென்று இயேசு சொன்ன வாக்கியத்தை லூத்தர் சுண்ணக்கட்டியால் மேசைமேல் எழுதிவைத்தார். இருவருக்கும் வேதம் ஒன்றே. உடன்பாடு மட்டும் எட்டவில்லை. இக்கோட்பாட்டுக்கு மாறாக, கத்தோலிக்கத் திருச்சபை 1546இல் திரெந்துச் சங்கத்தில், திருத்தூதர் மரபையும் மறைநூலுக்குச் சமமாக ஏற்றது.

வேதத்தை மக்கள் மொழியில் தரும் முயற்சி தமிழுக்கும் வந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் ஊழியர் சீகன்பால்கு பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1715இல் அங்கேயே முழுமையாக அச்சேறியது.