மண்ணுக்குள் கசிந்த பெட்ரோல்



கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓடிய இடத்தைப் பார்த்திருப்பீர்கள். டீசல் சொட்டிச் சொட்டி மண் கறுத்துக் கிடக்கும். அங்கே புல் பூண்டு முளைக்காது. அது மேலே சிந்தியது, கண்ணுக்குத் தெரிகிறது. பூமிக்குள்ளேயே வருஷக் கணக்கில் எண்ணெய் கசிந்தால் என்ன ஆகும்? அமெரிக்க நாட்டில் நடந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே கார்கள் பெருகின. ஊருக்கு ஊர் பெட்ரோல் பங்க் வந்தது. தீப்பிடிக்குமே என்ற பயத்தில் தொட்டிகளை மண்ணில் புதைத்தார்கள். பெரும்பாலும் வெறும் இரும்புத் தொட்டிகள். ஈர மண்ணில் விட்டுவைத்த கொழு என்ன கதியாகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? தொட்டியும் துருப்பிடித்து ஊசித் துளை விட்டது. அந்த நாட்டில் இதுவரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் பதிவாகியிருக்கின்றன.

கசிந்த பெட்ரோல் மண்ணின் இடுக்குகள் வழியாகக் கீழே இறங்குகிறது. தண்ணீரைவிட லேசானது அல்லவா? நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும் ஆடை மாதிரி மேலே மிதக்கிறது. ஆனால் அதிலுள்ள பென்சீன் என்ற பொருள் தண்ணீரில் கரைந்து, நீரோட்டத்தோடு அடுத்தவர் கிணறு வரைக்கும் போய்விடும். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது அது. குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்குதான் பென்சீன் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளது பத்து லட்சம் லிட்டருக்கு மேலான தண்ணீரை அந்த அளவுக்குக் கெடுத்துவிடும்.

சந்தேகப்பட்ட இடத்தைச் சுற்றிலும் துளை போட்டார்கள். ஒவ்வொரு ஆழத்திலும் மண்ணெடுத்து ஆவியைச் சோதித்தார்கள். துளைகளில் நீர்மட்டத்தை அளந்து, தண்ணீர் எந்தத் திசைக்கு ஓடுகிறது என்று கண்டுகொண்டு, அந்தப் பக்கம் மேலும் துளை போட்டார்கள்.

கண்டுபிடித்தது சரி, எடுப்பது எப்படி? மிதப்பதைப் பம்பு வைத்து இறைத்தார்கள். கெட்ட மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றினார்கள். ஆனாலும் கந்தல் துணியில் ஊறின எண்ணெய் மாதிரி, மண்ணின் நுண்துளைகளில் தங்கிவிட்டது என்ன இறைத்தாலும் முழுசாக வராது.

இங்கேதான் நம் தொழிலுக்குச் சம்பந்தமான விஷயம் வருகிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஆம்ப்ளர் என்ற ஊரில் பூமிக்கடியில் போன பெட்ரோல் குழாய் கசிந்துவிட்டது. இறைத்தது போக மீதி மண்ணிலேயே நின்றது. ரிச்சர்ட் ரேமண்ட் என்ற எண்ணெய்க் கம்பெனி விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் அந்த நிலத்தடி நீரைச் சோதித்தபோது, பெட்ரோலைத் தின்னும் பாக்டீரியாக்கள் அங்கேயே இருப்பதைக் கண்டார்கள். வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை! 1972-இல் கிணறுகள் வழியாக அம்மோனியம் சல்பேட்டும் பாஸ்பேட் உப்பும் கரைத்து ஊற்றி, கம்ப்ரஸர் வைத்துக் காற்றும் செலுத்தினார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, காற்று. நாம் எருக்குழிக்குச் செய்கிற பக்குவந்தான், போங்கள்.

பிறகு யூட்டா மாநிலத்தில் ஹில் விமானப்படைத் தளத்தில் 1985-இல் 27,000 காலன் விமான எரிபொருள் கொட்டிப்போனது. அங்கே மண்ணுக்குள் காற்றை ஓடவிட்டார்கள். உள்ளே பிராணவாயு குறைந்து கரியமில வாயு கூடுவதை அளந்து, நுண்ணுயிர் வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் செய்துபார்த்ததில், பெரும்பாலும் உரம்கூடத் தேவைப்படவில்லை, காற்று ஒன்றுதான் பற்றாக்குறை என்று தெரிந்தது. எனக்கு இது பெரிய ஆச்சரியமாகத் தோன்றவில்லை. தண்ணீர் தேங்கிய, காற்றோட்டமில்லாத வயலில் பயிர் படும் பாட்டைப் பார்க்கிறவர்கள்தானே நாம்.

கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் 1995-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். கசிவிடத்திலிருந்து பென்சீன் பெரும்பாலும் 250 அடிக்கு மேல் போவதில்லை, அதற்குள் நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன என்றார்கள். அப்பாடா என்று மூச்சுவிட நேரமில்லை. மறு வருஷமே சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளை மூடியது. ஊருக்குத் தண்ணீர் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி போச்சு. காரணம், பெட்ரோலில் ஈயத்துக்குப் பதிலாக 1979 முதல் சேர்த்துவந்த எம்.டி.பி.இ. என்ற பொருள். அது தண்ணீரில் சுலபமாகக் கரையும், நுண்ணுயிர்கள் அதை லேசில் தொடாது. 2004-இல் அது கலிபோர்னியாவில் தடையே ஆகிவிட்டது.

இதில் விவசாயிக்கு என்ன என்று கேட்பீர்கள். 1984-இல் அமெரிக்க அரசாங்கம் புதைத்த தொட்டிகளுக்குச் சட்டம் போட்டது. பழைய தொட்டிகளை 1998 டிசம்பருக்குள் சீர்செய்யவோ மாற்றவோ மூடவோ வேண்டும் என்றார்கள். ஆனால் பண்ணையில் சொந்த உபயோகத்துக்கு வைத்த, 1,100 காலன் வரை கொள்ளும் எரிபொருள் தொட்டிக்கு விலக்கு. சலுகைதான், சந்தோஷம். ஆனால் பண்ணைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த வீட்டுக் குடிதண்ணீர்க் கிணறுதான். மத்திய சட்டப்படி அதைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வரமாட்டார். அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டு, ஊற்றினது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிப் பார்க்கிற வேலை அந்த வீட்டுக்காரருடையது.