இரட்டைச் சாவியிலிருந்து பாஸ்வேர்டு பெட்டகம் வரை



உங்கள் வீட்டில் எத்தனை பாஸ்வேர்டுகள் புழங்குகின்றன என்று ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். வங்கி, வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, ரயில் டிக்கெட், மின் கட்டணம், கேஸ் பதிவு, மின்னஞ்சல், மியூச்சுவல் ஃபண்ட், வெளியூரில் இருக்கும் பேரனோடு பேசும் வீடியோ கணக்கு. இரண்டு கை விரலும் போதாது. இவற்றை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். மொபைலே ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. அந்த மொபைல் பழுதானால், தொலைந்தால், அல்லது அதை வைத்திருந்தவரே இல்லாமல் போனால் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அதற்காகத்தான் இந்த இதழில் பாஸ்வேர்டின் சரித்திரத்தையும், பாஸ்வேர்டு மேனேஜர் என்னும் பெட்டகத்தைத் தேர்ந்தெடுப்பது, மாற்றுவது பற்றியும் எழுதுகிறேன்.

வங்கிகள் கற்றுக்கொடுத்த பாடம்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வங்கிக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. கிளையின் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், இன்னொன்று அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். இதற்குக் கூட்டுப் பொறுப்பு என்று பெயர். உங்கள் லாக்கரும் அப்படித்தான். வங்கியின் சாவி ஒன்று, உங்கள் சாவி ஒன்று.

இதில் பலர் அறியாத விஷயம் டூப்ளிகேட் சாவி. அது அதே கிளையில் இருக்காது. உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, வேறொரு கிளையின் பாதுகாப்பில் இருக்கும். சாவிப் பதிவேட்டில் யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று கையெழுத்து இருக்கும். சாவி தொலைந்தாலும், வைத்திருந்தவர் திடீரென்று வராவிட்டாலும் வங்கி மறுநாள் திறக்கும். பாதுகாப்பு என்பது திருடனைத் தடுப்பது மட்டும் அல்ல, உரியவருக்குக் கதவு திறப்பதும்தான் என்பதை அந்த முறையை வகுத்தவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

பிறகு ரங்கராஜன் குழுவின் 1984, 1989 ஆண்டு அறிக்கைகள் வந்தன. கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் பாஸ்வேர்டும் வந்து உட்கார்ந்தது. சாவிக்கு இருந்த பதிவேடு மட்டும் பாஸ்வேர்டுக்கு வரவில்லை.

முதல் திருட்டு

பாஸ்வேர்டு பிறந்த இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் ஏற்பாட்டை ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு 1961-ல் செய்து காட்டியது. ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காமலிருக்க ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே திருட்டு நடந்துவிட்டது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் 4 மணி நேரம்தான் கம்ப்யூட்டர் ஒதுக்கீடு. அது போதவில்லை. வெள்ளிக்கிழமை இரவு, பாஸ்வேர்டு கோப்பை அச்சடிக்கச் சொல்லும் பஞ்ச் கார்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை எல்லார் பாஸ்வேர்டும் காகிதத்தில் கைக்கு வந்தன. 1966-ல் இன்னொரு கூத்து. இரண்டு தற்காலிகக் கோப்புகள் இடம் மாறியதால், உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதில் மொத்தப் பாஸ்வேர்டு பட்டியலும் காட்டப்பட்டது.

பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்கக்கூடாது, திரும்பப் பிரிக்க முடியாத வடிவில் மாற்றித்தான் வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பிறந்த ஞானம். ஆனால் மனித மனம் மாறவில்லை. ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் இருவரும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில் 3,289 பாஸ்வேர்டுகளைச் சோதித்தார்கள். அதில் 86 சதவீதம், மிகக் குட்டையானவை அல்லது அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் இருக்கும் சொற்கள். இன்றும் பேத்தி பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இந்த 86-ல் சேர்கிறார்கள்.

2003-ல் அமெரிக்கத் தர நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டியிலிருந்துதான், பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி, அவ்வப்போது மாற்றம் என்ற சட்டம் உலகம் முழுதும் பரவியது. 2017-ல் அதே நிறுவனம் அந்த வழிகாட்டியைத் திருத்தியது. காரணமில்லாமல் மாதாமாதம் மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக இருப்பதே முக்கியம் என்றது. பர் அவர்களும் தம் பழைய அறிவுரைக்காக வருந்துவதாகச் சொன்னார். மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் 1-ஐ 2 ஆக்குவார்கள், 2-ஐ 3 ஆக்குவார்கள். வங்கியில் வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும்.

பெட்டகம் வந்தது

எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி, ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை 1990-களில் வந்தது. புரூஸ் ஷ்னையர் 1997-ல் பாஸ்வேர்டு சேஃப் என்ற மென்பொருளைத் தந்தார். 2003-ல் கீபாஸ், 2006-ல் ஒன்பாஸ்வேர்டு, 2008-ல் லாஸ்ட்பாஸ், 2016-ல் பிட்வார்டன் வந்தன. நம் தமிழ்நாட்டில் வளர்ந்த ஜோஹோவும் ஜோஹோ வால்ட் என்று ஒன்று வைத்திருக்கிறது. கூகுளும் ஆப்பிளும் தங்கள் மொபைலோடே பெட்டகத்தைச் சேர்த்துத் தருகின்றன.

முதலில் வந்தவை ஒரே மேசைக் கம்ப்யூட்டருக்கானவை. வீட்டுக்குள் மொபைல், டேப்லெட், லேப்டாப் என்று பெருகியபோது, ஒன்றில் மாற்றியது மற்றவற்றிலும் மாற வேண்டும் என்ற தேவை வந்தது. அதனால் பெட்டகம் நம் வீட்டை விட்டு, நிறுவனத்தின் சர்வருக்குக் குடிபோனது. வசதியும் ஆபத்தும் ஒரே வண்டியில் வந்து இறங்கின.

லாஸ்ட்பாஸ் தந்த இரண்டு பாடங்கள்

லாஸ்ட்பாஸ் பல ஆண்டுகள் இலவசமாக எல்லாச் சாதனங்களிலும் ஓடியது. 2021 மார்ச் 16 முதல், இலவசக் கணக்குக்கு ஒரு வகைச் சாதனம்தான் என்றார்கள். கம்ப்யூட்டர் வேண்டுமா, மொபைல் வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் சந்தா கட்டுங்கள். பலர் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் போனார்கள். இது முதல் பாடம்: இலவசம் என்பது குத்தகை, கிரயப் பத்திரம் அல்ல.

இரண்டாவது பாடம் கசப்பானது. 2022 ஆகஸ்டில் அந்த நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்தான். டிசம்பர் 22-ம் தேதி நிறுவனம் முழு விவரம் சொன்னபோது, வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே களவு போயிருந்தன. உள்ளே பாஸ்வேர்டுகள் பூட்டியபடிதான் இருந்தன. ஆனால் எந்தெந்த இணையதளத்தில் யாருக்குக் கணக்கு என்ற முகவரிகள் பூட்டப்படவில்லை. மாஸ்டர் பாஸ்வேர்டை எளிதில் ஊகிக்க முடியாதபடி ஒரு கணக்கீட்டை ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்வது வழக்கம். புதிய கணக்குகளுக்கு அது 1,00,100 முறை. பழைய கணக்குகள் சிலவற்றில் 5,000 முறையோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது. விசுவாசமான பழைய வாடிக்கையாளரின் பூட்டுதான் பலவீனமாக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திருட்டுக்குப் பிறகு வேறு பெட்டகத்துக்கு மாறியவர்கள் அதோடு நிறுத்தினால் பயனில்லை. திருடன் கையில் பிரதி இருக்கிறது. அவன் வருடக்கணக்கில் உட்கார்ந்து முயற்சி செய்யலாம். பெட்டகத்தை மாற்றினால் போதாது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும்.

பெரிய நிறுவனமானாலும் நிரந்தரம் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் ஆத்தென்டிகேட்டர் செயலியில் பாஸ்வேர்டு சேமிக்கும் வசதி கொடுத்திருந்தது. 2025 ஜூலையில் தானாக நிரப்புவதை நிறுத்தியது. ஆகஸ்ட் முதல் அங்கே இருந்த பாஸ்வேர்டுகளைப் பார்க்கவே முடியாது என்றது. இன்று நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், என்றோ ஒரு நாள் அதிலிருந்து மாற வேண்டி வரும் என்று எண்ணியே தேர்ந்தெடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எந்த நிறுவனத்துக்கும் நான் ஏஜென்ட் இல்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்.

ஒன்று, வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களிலும் ஓடுமா? உங்களிடம் ஆண்ட்ராய்டு, மகனிடம் ஐஃபோன், மேசையில் விண்டோஸ் என்றால், ஒரு கம்பெனியின் மொபைலோடு ஒட்டிய பெட்டகம் சிரமம் தரும். பிட்வார்டன் போன்றவை இலவசக் கணக்கிலேயே எல்லாச் சாதனங்களிலும் ஓடுகின்றன. கீபாஸில் பெட்டகம் ஒரு கோப்பாக உங்களிடமே இருக்கும். அதைச் சாதனத்துக்குச் சாதனம் கொண்டு சேர்ப்பது உங்கள் பொறுப்பு. வீட்டில் எல்லாரும் ஆண்ட்ராய்டும் குரோமும்தான் என்றால் கூகுள் தருவதே போதும்.

இரண்டு, உள்ளே இருப்பதை மொத்தமாக வெளியே எடுக்க வழி உண்டா? ஏற்றுமதி வசதி இல்லாத பெட்டகம், ஜன்னல் இல்லாத வீடு.

மூன்று, டூப்ளிகேட் சாவிக்கு ஏற்பாடு உண்டா? ஒன்பாஸ்வேர்டு, அச்சடித்து வைத்துக்கொள்ள ஒரு அவசரத் தாளைத் தருகிறது. சில பெட்டகங்களில், நீங்கள் நியமித்த ஒருவர் கேட்டு, நீங்கள் குறித்த நாட்களுக்குள் மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும். ஆப்பிளில் வாரிசுத் தொடர்பு நியமிக்கலாம். ஆனால் சேமித்த பாஸ்வேர்டுகள் அதில் சேராது என்பதை நினைவில் வையுங்கள்.

மாறுவது எப்படி?

பழைய லெட்ஜர் நிரம்பியதும் புது லெட்ஜருக்குப் பாக்கி எடுத்து எழுதுவது போல இதைச் செய்யுங்கள். பாக்கி டேலி ஆகும்வரை பழைய லெட்ஜரை யாரும் மூட மாட்டார்கள்.

முதலில் புதிய பெட்டகத்தை எல்லாச் சாதனங்களிலும் நிறுவி, மாஸ்டர் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து பாருங்கள். பிறகு சொந்தக் கம்ப்யூட்டரில், பழையதிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் இதைச் செய்யவே கூடாது. அந்தக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டில்லாமல் அப்படியே இருக்கும். அதை வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பாதீர்கள்.

புதியதில் இறக்குமதி செய்தபின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பழையதில் 74 என்றால் புதியதிலும் 74. வங்கி, மின்னஞ்சல், வருமான வரி, ரயில் ஆகியவற்றில் உண்மையிலேயே நுழைந்து பாருங்கள். இணைப்புக் கோப்புகளும், பாஸ்கீ எனப்படும் புதிய வகைச் சாவிகளும் பெரும்பாலும் சி.எஸ்.வி.யில் வராது. அவற்றைக் கையால்தான் புதிதாக அமைக்க வேண்டும்.

சரியாக இருந்தால் சி.எஸ்.வி. கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பிரவுசர் தனியாகச் சேமிப்பதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு லெட்ஜர் ஓடும், எதில் உள்ள பாக்கி சரி என்று தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பழைய கணக்கை மூடுங்கள்.

நம் வங்கிகளைப் பற்றி ஒரு குறிப்பு. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் தங்கள் இணைய முகவரியை ‘.பேங்க்.இன்’ என்று முடியும்படி மாற்ற வேண்டியிருந்தது. பெட்டகம் முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். அதனால் புதிய முகவரியில் அது சும்மா இருக்கலாம். வங்கியின் பாஸ்புக்கிலோ அறிவிப்பிலோ உள்ள முகவரியைப் பார்த்துப் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள். இதே குணம்தான் உங்களைக் காப்பதும். போலித் தளத்தின் ஓர் எழுத்து வித்தியாசம் நம் கண்ணுக்குத் தப்பலாம், பெட்டகத்துக்குத் தப்பாது. எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த இணைப்பைத் திறந்து பெட்டகம் நிரப்ப மறுத்தால், நீங்களும் தட்டச்சு செய்யாதீர்கள்.

டூப்ளிகேட் சாவியை எழுதி வையுங்கள்

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்தபோது நம் பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் சாய்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல நாள் கரண்ட் இல்லை. மொபைல் வெறும் கண்ணாடித் துண்டு. அப்போது உதவுவது காகிதம்தான்.

ஆகவே மாஸ்டர் பாஸ்வேர்டு, முதன்மை மின்னஞ்சல், மொபைல் பூட்டு எண் இவற்றை ஒரு தாளில் கையால் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு, லாக்கரிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ வையுங்கள். உறை எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ கணவருக்கோ இன்றே சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பென்ஷன்காரர்களுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கும் நாள் வசதியான நாள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒருவர் காலமான பிறகு அவர் வங்கிக் கணக்கில் பாஸ்வேர்டு போட்டுப் பணம் எடுப்பது முறையல்ல. பணத்துக்கு வழி நியமனதாரர்தான். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நியமிக்கலாம். எந்த வங்கியில் என்ன கணக்கு இருக்கிறது, எந்தப் பாலிசி எப்போது முடிகிறது என்று வீட்டாருக்குத் தெரியத்தான் பெட்டகம். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு, எந்தக் கிளைக்குப் போய்க் கேட்பது என்று கூடத் தெரியாத நிலை வரக்கூடாது.

மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். சாமி பெயர், வண்டி எண், ஃபிளாட் எண் வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாலை நடைப்பயிற்சியின்போது என்னைக் கேளுங்கள், உடன் உட்கார்ந்து செய்து தருகிறேன். பாஸ்வேர்டு அடிக்கும் நேரம் மட்டும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதையும் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.