வீட்டுக்குள் வந்த கிணற்றடி

சாத்தான்குளத்தின் பழைய வீடுகளில் குளியலறை என்று தனியாக ஒன்று கிடையாது. புறவாசலைத் தாண்டினால் கிணறு, சுற்றிலும் கல் பாவிய தளம், குளித்த தண்ணீர் போய்ச் சேர நாலு வாழை. அவ்வளவுதான் ஏற்பாடு. "பாத்ரூம் ஒழுகுது" என்று சொன்னால் எங்கள் ஆச்சிக்குப் புரிந்திருக்காது. "தண்ணி மண்ணுக்குத்தானேய்யா போவுது, அதுல என்ன ஒழுகல்?" என்று கேட்டிருப்பாள். கிணற்றடி வீட்டுக்குள் வந்து, அப்புறம் மாடியும் ஏறியபோதுதான் இந்தப் பிரச்சினை பிறந்தது.

தண்ணீரை ஒரு தளத்தின்மேல் நிறுத்தி வைப்பது மனிதர்களுக்குப் பழைய தலைவலி. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்கள் செங்கல்லை நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்து வைத்து, அதற்குப் பின்னால் நிலக்கீல் பூசினார்கள். நாலாயிரம் வருடங்களுக்கு மேல் ஆகிறது. இன்று டப்பாவில் விற்கும் வாட்டர்ப்ரூஃபிங்கின் யோசனையும் அதேதான்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தண்ணீரை விடாத ஓர் அடுக்கு.

நம் பக்கத்தில் சுண்ணாம்பு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சாந்தில் தட்டட்டி போட்டார்கள். சுண்ணாம்புத் தளம் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். மயிரிழை விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளவும் செய்யும். 1949இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை ஓடத் தொடங்கியது. சிமெண்டும் கம்பியும் கைக்கெட்டியதும் வீடுகள் மேலே வளர்ந்தன. மாடியில் குளிப்பதற்காகத் தளத்தைத் தாழ்த்தி வார்த்தார்கள். கொத்தனார்கள் 'சங்கன் ஸ்லாப்' என்பார்கள். பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் சல்லி நிரப்பி, மேலே டைல்ஸ். ஓர் இணைப்பு விட்டுப்போனால் போதும், டைல்ஸுக்கு அடியில் யாருக்கும் தெரியாத ஒரு குட்டிக் குளம் தயார்.

அந்தக் குளம் நேராகக் கீழே இறங்காது. குழாயோடு ஓடும், சரிவில் நகரும், கான்கிரீட் எங்கே பலவீனமோ அங்கே சொட்டும். கறை தெரியும் இடம் வேறு, தண்ணீர் நுழையும் இடம் வேறு. கறைக்கு மேலே இருக்கும் டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் தேய்த்தும் ஒழுகல் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். யாரும் குளிக்காத ராத்திரியிலும் சொட்டுகிறதா? எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல் தொட்டியின் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகிக்கணும். குளித்தால் மட்டும் சொட்டுகிறதா? தரையில் இருக்கும் 'நானி ட்ராப்'பின் வாயைத் துணியால் இறுக அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். மட்டம் குறைந்து கீழே நனைந்தால் தளமோ, ட்ராப்பின் விளிம்போ. நனையவில்லை, அடைப்பை எடுத்ததும்தான் நனைகிறது என்றால் கீழே போகும் கழிவுக் குழாய். இரண்டுமே இல்லையென்றால், ஷவர் தண்ணீர் படும் சுவர்.

எங்கள் கடலிலும் இப்படி ஒரு கதை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. அதில் ஒன்றான விலாங்குசல்லி தூத்துக்குடிப் பக்கம் இருந்தது. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பல வருடங்கள் பவளப்பாறையை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அலையைத் தடுத்த பாறை போனது, அலை நேராக மணலில் மோதியது. கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தீவு தேய்வது தெரிந்திருக்கும். காரணமோ காளவாசலில் எரிந்துகொண்டிருந்தது.

வீட்டு ஒழுகலைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஈரம் கம்பியைத் தொட்டால் துரு ஏறும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். துரு பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கீழே யாராவது படுத்திருப்பார்கள். கறைக்குப் பெயிண்ட் அடிக்கும் முன், ஒரு நாள் தண்ணீரை நிறுத்திப் பார்த்துவிடலாம்.