இராஜபாளையம்

இராஜபாளையம்: விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவையொட்டி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே அமைந்த நகரம். விஜயநகர ஆட்சியையொட்டித் தெலுங்கு தேசத்தினின்று பெயர்ந்து வந்த ராஜுக்கள் இங்கு நிலைகொண்டு, வேளாண்மையாலும் பின்னர் யந்திரத் தொழிலாலும் இதனை வளர்த்தனர்.

அய்யனார் கோவில்: நகருக்கு மேற்கே, கானகத்தினுள், மலையாறுகள் இறங்கிவரும் இடத்தில் நீர்காத்த அய்யனார் சந்நிதி உளது. ஆற்றைக் கடந்தே அதனை அடையவேண்டியிருத்தலின், மழைக்காலத்தில் திடீரென வெள்ளம் பெருகுங்கால் தரிசனத்திற்குச் சென்றோர் அக்கரையிலேயே காத்திருக்க நேர்வதுண்டு. அம்மலைநீரே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேகரமாகி, நகரமாந்தரின் தாகம் தீர்க்கின்றது. 1988இல் இவ்வனப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று.

பிரமுகர்கள்: பூ. ச. குமாரசுவாமி ராஜா (1898–1957), காந்தியடிகளின் நெறியில் தேசத்தொண்டு புரிந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதன்மைப் பொறுப்பையும், பின்னர் ஒரிஸ்ஸா கவர்னர் பதவியையும் வகித்தவர். தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலைமன்றத்திற்கு மனமுவந்து தானமாக அளித்த பெருந்தகை. பி. ஏ. சி. ராமசாமி ராஜா (1894–1962), 1936இல் ராஜபாளையம் மில்ஸையும், 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸையும் ஸ்தாபித்து, மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றிற்கு நிலையான ஜீவனம் அமைத்தவர். பன்மொழி வித்தகர் மு. கு. ஜகந்நாத ராஜா, ஆண்டாள் சரிதத்தைப் பாடும் கிருஷ்ணதேவராயரின் ‘ஆமுக்த மால்யத’ எனும் தெலுங்குக் காவியத்தைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார்.

வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராஜபாளையம் நாய், இவ்வூர்ப் பெயரைப் பாரதமெங்கும் அறியச் செய்தது.