சீசரின் மனைவி

அமைச்சர் ஒருவர் மீது ஊழல் புகார் கிளம்பினால் போதும், ‘சீசரின் மனைவி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவராக இருக்க வேண்டும்’ என்று யாராவது அறிக்கை விடுவார்கள். ஆங்கிலத்தில் புழங்கி நம் அரசியல் மேடை வரை வந்துவிட்ட வாசகம். நேர்மைக்கு இலக்கணம் போல ஒலிக்கும். அது பிறந்த இடத்தில் நேர்மையைத் தேடினால் கிடைக்காது.

கி.மு. 62, டிசம்பர். ரோமாபுரியில் போனா தேயா என்ற தெய்வத்துக்கு இரவுப் பூசை. பெண்கள் மட்டுமே கூடும் சடங்கு. வீட்டு ஆண்கள் அன்றிரவு வெளியேறிவிட வேண்டும். அந்த ஆண்டு பூசை நடந்தது தலைமைப் பூசாரியான ஜூலியஸ் சீசரின் வீட்டில். அவருடைய தாய் அவ்ரேலியாவும் மனைவி பாம்பேயாவும் அங்கே இருந்தார்கள்.

யாழ் வாசிக்க வந்த பெண்ணைப் போல வேடம் போட்டு ஒருவன் உள்ளே நுழைந்தான். பெயர் க்ளோடியஸ், பெரிய இடத்துப் பிள்ளை. பாம்பேயா மீது அவனுக்கு ஒரு கண். அவன் வந்த சேதியை பாம்பேயாவிடம் சொல்லப் போன அவளுடைய வேலைக்காரி திரும்பி வரத் தாமதமாகவே, விளக்கு வெளிச்சம் படாமல் வீட்டுக்குள் சுற்றினான். எதிரே வந்த அவ்ரேலியாவின் பணிப்பெண், ‘யாரம்மா நீ?’ என்று விசாரிக்க, வாயைத் திறந்தான். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் அலறிக்கொண்டு ஓடினாள். அவ்ரேலியா பதறவில்லை. பூசையை நிறுத்தினார், பூசைப் பொருட்களை மூடினார், கதவுகளைத் தாழிடச் சொல்லிவிட்டு, பந்த வெளிச்சத்தில் தேடினார். வேலைக்காரியின் அறையில் பதுங்கியிருந்தவனைப் பெண்களே விரட்டியடித்தார்கள். விடிந்தபோது ஊரெல்லாம் இதே பேச்சு.

சீசர் மனைவியை விவாகரத்து செய்தார். மறு ஆண்டு க்ளோடியஸ் மீது வழக்கு. சாட்சி சொல்ல வந்த சீசர், தனக்கு ஒன்றும் தெரியாது என்று கைவிரித்தார். பிறகு ஏன் மனைவியை விலக்கினீர்கள்? தன் மனைவி மீது சந்தேகம் என்ற பேச்சே எழக்கூடாது என்றார்.

க்ளோடியஸ் பின்னால் ரோம் நகரத்துக் கூட்டம் இருந்தது. அதைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல்தான் சீசர் நழுவினார் என்ற பேச்சையும், இந்தக் கதையை எழுதிவைத்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கே குறிப்பிடுகிறார். பூசை நடந்த இரவில் தான் வெளியூரில் இருந்ததாக க்ளோடியஸ் சாதித்தான். இல்லை, ரோமில் என்னை வந்து பார்த்தான் என்றார் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ. ஆனாலும் 31-க்கு 25 என்ற கணக்கில் விடுதலை. நடுவர்கள் பணம் வாங்கியது ஊரறிந்த ரகசியம். கி.மு. 58-இல் அதே க்ளோடியஸ், சீசரின் தயவில் மக்கள் பிரதிநிதியாகி, சிசரோவை நாடு கடத்த வைத்தான்.

புளூட்டார்க் கிரேக்க மொழியில் எழுதிய இந்தக் கதையை 1579-இல் தாமஸ் நார்த் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்; சீசரின் அந்தப் பதில் நம் மேடைக்கு வந்தது ஆங்கிலம் வழியாகத்தான்.

பாம்பேயா மீது வழக்கு இல்லை, விசாரணை இல்லை. தண்டனை மட்டும் உண்டு. அடுத்த முறை மேடையில் யாராவது இந்த வாசகத்தை முழங்கினால், அவர் யாரைக் குற்றம் சாட்டுகிறார் என்பதோடு யாரைத் தப்பவிடுகிறார் என்பதையும் கவனியுங்கள்.